கழுத்தில் தொங்கிய கேபிள்

என் மேசையின் அடி லாச்சியில் ஒரு நீல நிற நெட்வொர்க் கேபிள் கிடக்கிறது. ஆறடி நீளம் இருக்கும். ஒரு முனையில், பிளக்குக்குச் சற்றுக் கீழே, வலை பொத்துகிற பச்சை நைலோன் நூலால் ஒரு முடிச்சு. அதை நகத்தால் கிண்டி அவிழ்க்கப் பார்த்திருக்கிறேன், அசையவில்லை. போட்டவர் கற்பிட்டிக் கரையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவர். கனமூலை என்ற ஊரில் மிளகாய்த் தோட்டத்தில் வளர்ந்த என் கைக்கு அந்த முடிச்சு எப்படி அவிழும்? லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. மூன்று வருடமாக வருகிறது. நாள் போகப் போக ஆறிவிடும் என்றார்கள். ஆறவில்லை. இந்த ஊர் உப்புக்காற்றில் விட்ட இரும்பைத் துரு தின்பதைப் போல அது உள்ளுக்குள் தின்றுகொண்டேதான் போகிறது.

எங்களுடையது இறால் கம்பனி. முந்தல் களப்பின் உப்புநீர் ஏரிக் கரையோரமாகப் பன்னிரண்டு பண்ணைகள். ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு சிறிய கணினிப் பெட்டி இருக்கும். அதற்குத் திரையும் இல்லை, விசைப்பலகையும் இல்லை. உள்ளே லினக்ஸ் ஓடும். குளத்துத் தண்ணீரில் ஒட்சிசன் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று அளந்து தலைமை அலுவலகத்திலிருக்கும் பிரதான சேர்வருக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. எந்தக் குளத்தில் எப்போது குஞ்சு விட்டது, எதில் வெண்புள்ளி நோய் வந்தது, எந்தக் குளத்து இறால் எந்தக் கப்பலில் போனது, எல்லாம் அந்த ஒரே சேர்வரில்தான். பதிவுகளைப் பார்ப்பது என் வேலை. சேர்வரையும் பெட்டிகளையும் பார்ப்பது அந்த முடிச்சைப் போட்டவருடைய வேலை. இருவரும் ஒரே மாதத்தில் சேர்ந்தவர்கள், அவர் என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருப்பார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘சேர்வர் மிஸ்’. அவருக்கு நான் ‘நானா’, எங்கள் பக்கத்து அண்ணன்.

களப்புக் காற்றில் இயந்திரம் நிலைக்காது. மாதத்துக்கு இரண்டு மூன்று பெட்டியாவது உப்புப் பிடித்துச் செத்துப்போகும். மிஸ் அவற்றை அலுவலகத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, கழற்றித் துடைத்து, கெட்ட பாகத்தை மாற்றி, வரிசையாக மேசையில் வைத்து, கேபிள் மாட்டி நெட்வொர்க்கில் பூட்டுவார். அவருடைய லப்டொப்பில் ஒரு பண்ணைப் பெட்டியின் முழுப் பிரதி இருந்தது. இமேஜ் என்போம். ஒரு டிஸ்க்கில் இருக்கும் அத்தனையையும், மூச்சு விடும் இடம்கூட மிச்சம் விடாமல், அப்படியே எடுத்து வைத்த நகல். பெட்டியை முடுக்கினால் அது தன் டிஸ்க்கைப் பார்க்காமல் முதலில் நெட்வொர்க்கில் யாராவது இருக்கிறார்களா என்று தேடும். லப்டொப் பதில் சொல்லும். அடுத்த நொடி பழையதெல்லாம் அழிந்து, அந்த இமேஜ் டிஸ்க்கில் எழுதப்படத் தொடங்கும். பெட்டிகளுக்குத் திரை இல்லையல்லவா, அதனால் ‘அழிக்கவா, எழுதவா’ என்ற கேள்விக்கே இடம் வைக்கவில்லை. கதவைத் தட்டுகிறவர் யாராக இருந்தாலும் லப்டொப் அழித்து எழுதிவிடும்.

சிக்கல் பிரதான சேர்வரில் இருந்தது. அதுவும் அதே நெட்வொர்க்கில்தான் பூட்டியிருந்தது. எந்த வரிசையில் எழும்ப வேண்டும் என்பதை நினைவில் வைத்திருக்கும் சின்னப் பற்றரி அதன் உள்ளே உண்டு. அந்தப் பற்றரி உட்காரும் இடத்தையே உப்பு தின்றுவிட்டது. புதுப் பற்றரி போட்டாலும் பிடிக்காது. மின்சாரம் போய் வந்தால் சேர்வர் சொல்லி வைத்ததையெல்லாம் மறந்து, பண்ணைப் பெட்டி மாதிரியே முதலில் நெட்வொர்க்கில் தேடும். அந்த நேரம் லப்டொப் விழித்திருந்தால் என்ன நடக்கும் என்று விளங்குவதற்குக் கணினி படித்திருக்கத் தேவையில்லை. புதிய சேர்வர் வேண்டும் என்று மிஸ் எழுதினார். அது முடியாவிட்டால் பெட்டி திருத்துவதற்குத் தனியாக ஒரு நெட்வொர்க்காவது வேண்டும் என்று எழுதினார். பிரதான சேர்வரின் இமேஜ் எடுத்து வைக்க வேறொரு டிஸ்க் வேண்டும் என்றும் எழுதினார். அந்தக் கடிதங்களின் பிரதிகளை நானே அலுவலகக் கோவையில் துளையிட்டுப் போட்டேன். மெனேஜர் ஒவ்வொன்றின் மூலையிலும் ‘பார்க்கலாம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்த ஒரு சொல்லை இத்தனை அழகான கையெழுத்தில் எழுதும் இன்னொரு மனிதரை நான் கண்டதில்லை.

பார்க்கலாம் என்று இருக்க மிஸ்ஸால் முடியாது. அதற்குத்தான் இந்தக் கேபிள். பெட்டிகளைத் திருத்துவதற்கு முன்னால் அவர் பிரதான சேர்வரின் கேபிளைக் கழற்றுவார். கழற்றி மேசையில் வைத்தால் யாராவது அக்கறையாகத் திரும்பப் பூட்டிவிடுவார்கள் என்று, கழுத்தில் மாலை மாதிரிப் போட்டுக்கொள்வார். கட்டுக்கட்டாகக் கிடக்கும் நீலக் கேபிள்களில் எது அது என்று தடவிப் பார்த்தே தெரிய வேண்டுமென்றுதான் பச்சை நூல் முடிச்சு. கடைசிப் பெட்டி எழும்பி, லப்டொப்பை மூடும்வரை அந்தக் கேபிள் கழுத்தில்தான். அப்படியே தேத்தண்ணி குடிப்பார், அப்படியே போன் பேசுவார். மாப்பிள்ளை எப்ப மிஸ் என்று கணக்குப் பிரிவுப் பெண்கள் கேலி பண்ணுவார்கள். சிரித்துக்கொண்டே, இந்த மாலையைக் கழற்றினால் உங்கள் எல்லோருக்கும் கல்யாணம்தான் என்பார். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அந்தச் சிரிப்பையும் இப்போது என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த வருடம் தலவில திருவிழாவுக்கு அவர் நான்கு நாள் லீவு எடுத்தார். அவருடைய அம்மாவின் கண் ஒப்பரேஷன் நல்லபடி முடிந்ததற்கு அங்கேயுள்ள புனித அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்திருந்தார்கள். போகும்முன் என் மேசைக்கு வந்து, தான் வரும்வரை பெட்டி எதையும் திருத்த வேண்டாம், திருத்தியே ஆகவேண்டும் என்றால் முதலில் கேபிள் என்று சொல்லிவிட்டுப் போனார். மெனேஜரிடமும் சொன்னார். அவர் தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் மூன்று பெட்டிகள் ஒன்றாகச் செத்தன. அன்றைக்கென்று வெளிநாட்டிலிருந்து இறால் வாங்குகிறவர்கள் பண்ணை பார்க்க வருகிறார்கள். வரவேற்பறைச் சுவரில் பெரிய திரையொன்று மாட்டியிருந்தது. பன்னிரண்டு பண்ணையின் தண்ணீரும் அதில் பச்சைப் பச்சையாகத் தெரியும். மூன்று பண்ணைகள் சிவப்பில் கிடந்தன. விருந்தினர்கள் வருவதற்குள் அந்த மூன்றும் பச்சையாக வேண்டும் என்றார் மெனேஜர். திருத்தும் முறை எனக்குத் தெரியும், எத்தனையோ தடவை மிஸ்ஸுக்குப் பக்கத்தில் இருந்து செய்திருக்கிறேன். பெட்டிகளைத் துடைத்துப் பூட்டி, மிஸ் அலுவலகத்தில் விட்டுப்போன லப்டொப்பைத் திறந்துவிட்டு, சேர்வரின் கேபிளைக் கழற்றப் போனேன். மெனேஜர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கேபிளைக் கழற்றினால் திரை என்னவாகும் என்று கேட்டார். முக்கால் மணித்தியாலம் இருண்டு கிடக்கும் என்றேன்.

“வந்தவங்க இருட்டுத் திரையப் பாத்துக்கொண்டு நிக்கிறதா? அந்த வயர மாலையா போட்டு ஆடுறதுக்கு இது நாடக மேடை இல்ல. அத அப்பிடியே விடுங்க.”

விட்டேன். பச்சை முடிச்சை என் விரல் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட விரலை எடுத்தேன். ஏன் என்று கேட்டால், பயம். மெனேஜரின் அறைக்குள் அழைக்கப்படுவேனோ என்ற, பள்ளிக்கூடப் பிள்ளையின் பயம். அதை வேறு பெயரால் சொல்லி என்னை நானே ஏமாற்றிய காலமும் இருந்தது. மேலதிகாரியின் கட்டளை, அவசரம், நான் பதிவுப் பிரிவுக்காரன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அத்தனையும் பூசி மெழுகிய வார்த்தைகள்.

விருந்தினர்கள் வந்து செவ்விளநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மின்சாரம் போனது. எங்கள் பகுதியில் அது செய்தியே இல்லை. சேர்வருக்குக் கீழே இருந்த மின்காப்புப் பெட்டியும் உப்பில் செத்து மாதக் கணக்காகியிருந்தது, அதற்கும் ஒரு ‘பார்க்கலாம்’ இருந்தது. லப்டொப்புக்கு மட்டும் சொந்தப் பற்றரி. ஆகவே அது விழித்தபடியே இருந்தது. ஒரு நிமிடத்தில் ஜெனரேட்டர் பிடித்தது. எல்லாம் ஒன்றாக எழும்பின. லப்டொப் திரையில், எந்தெந்த இயந்திரத்துக்கு எழுதுகிறேன் என்று வரிசையாக வரி வரும். மூன்று வரி வர வேண்டும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்காவது வரி வந்தது.

கேபிளைப் பிடுங்கினேன். பிளக்கின் நாக்கு உடைந்து கையோடு வந்தது. பயனில்லை. அழிக்கிற வேலைதான் முதலில் நடக்கும், அதற்குச் சில நொடிகள் போதும். கம்பனியின் அத்தனை குளத்தின் கதையும் அந்தச் சில நொடிகளில் போய்விட்டது. வரவேற்பறையில் திரை கறுத்துப்போயிருந்தது. மெனேஜர் விருந்தினர்களைக் குளக்கரைக்கு நடத்திப் போய்விட்டார். போகும்போது என்னைப் பார்த்த பார்வையில் ஒன்று தெளிவாக இருந்தது. நடந்ததில் தான் இல்லை என்று அவர் அதற்குள் முடிவெடுத்துவிட்டார்.

தலவிலைக்குப் போன் எடுத்தேன். கோயில் மணியும் சனத்தின் இரைச்சலும் கேட்டன. நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கேபிள் கழற்றினீர்களா என்று. இல்லை என்றேன்.  எதிலும் கை வைக்க வேண்டாம், வருகிறேன் என்றார்.

பாலாவியில் பஸ் மாறி, பின்னேரத்துக்குள் வந்து சேர்ந்தார். புதுச் சேலை. கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய நீளமான மெழுகுதிரி. அதை ஏற்றும் முறை வருவதற்குள் வரிசையை விட்டு வந்துவிட்டார். மெழுகுதிரியை மேசையில் வைத்துவிட்டு, ஏன் கழற்றவில்லை என்று கேட்டார். மெனேஜர் வேண்டாம் என்றதைச் சொன்னேன். சரி என்றார். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு இறால் தீனிக் களஞ்சியத்துக்குப் போனார். தீனி மூட்டைகளுக்குப் பின்னால், யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய பழைய கணினியொன்று இரைந்துகொண்டிருந்தது. கேட்ட டிஸ்க் கிடைக்காதபோது, கழித்துப் போட்ட டிஸ்க்குகளைப் பொறுக்கிச் சேர்த்து அதில் பூட்டி, பிரதான சேர்வரின் இமேஜை ஒவ்வொரு வாரமும் அதில் எடுத்து வைத்திருக்கிறார். கடைசி இமேஜ் லீவுக்குப் போவதற்கு முதல் நாள் எடுத்தது. அதே நெட்வொர்க் வழியாக, அழிந்த சேர்வருக்கு அதைத் திரும்ப எழுத இரண்டு மணித்தியாலம் பிடித்தது. ஜெனரேட்டரில் குளிரூட்டி ஓடவில்லை. அறை வெக்கையில் வெந்தது. சுவர்த் திரையில் பன்னிரண்டு பண்ணையும் திரும்பப் பச்சையாக வந்தபோது மேசை விளிம்பில் மெழுகுதிரி வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. காணாமல் போனது அவர் லீவிலிருந்த சில நாள்களின் பதிவு மட்டுமே. அதையும் பண்ணை மேற்பார்வையாளர்களின் கொப்பிகளைப் பார்த்து நான் திரும்ப ஏற்றினேன்.

வேறு எங்காவது என்றால் இப்படி ஒரு ஆளைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பார்கள். எங்கள் கம்பனி விசாரணை வைத்தது.

கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். குற்றச்சாட்டுகள் இரண்டு. ஆபத்தான லப்டொப்பைப் பொறுப்பில்லாமல் விட்டு லீவில் போனது ஒன்று. மற்றதைக் கேட்டபோது நான் தவறாகக் கேட்டேனோ என்று நினைத்தேன். கம்பனியின் இரகசியத் தரவுகளை அனுமதி இல்லாமல் பிரதி எடுத்து, பூட்டில்லாத களஞ்சியத்தில் வைத்திருந்தது! எந்தப் பிரதி அவர்கள் மானத்தைக் காப்பாற்றியதோ, அதுவே குற்றம். மிஸ் அதிகம் பேசவில்லை. தான் எழுதிய கடிதங்களைப் பார்க்கச் சொன்னார். கோவையில் அவை இருக்கவில்லை. நான் போட்ட கடிதங்கள், என் கையால் துளையிட்டுப் போட்டவை, இருக்கவில்லை. அப்போது அவர் என் பக்கம் கையைக் காட்டினார்.

“கேபிளக் கழட்ட வேணாம் எண்டு ஆர் சொன்னதெண்டு நானாக்கிட்டக் கேளுங்க சேர்.”

அதிகாரி என்னைப் பார்த்தார். மெனேஜரும் பார்த்தார்.  மிஸ்ஸுடைய வேலை, மிஸ்ஸுடைய பெயர், இரண்டும் என் வாயில் இருந்தன. நான் வாய் திறந்து சொன்னது இதைத்தான்.

“மிஸ் அண்டைக்கு லீவு சேர்.”

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டார். கடிதங்களைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. மெனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வாரம் மிஸ்ஸை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் புதிய சேர்வர் வந்தது, தனி நெட்வொர்க் ஒன்றைத் தவிர அவர் கேட்ட எல்லாம் வந்தன. அவருடைய கதிரைக்கு என்னைப் போட்டார்கள். எனக்குப் பதவி உயர்வு என்று வாப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

போகிற நாளில் மிஸ் தன் சாமான்களை ஒரு பேக்கரிப் பாண் பெட்டியில் அடுக்கினார். கடைசியில் என் மேசைக்கு வந்து, நாக்கு உடைந்த இந்தக் கேபிளைச் சுருட்டி வைத்தார். மன்னிப்புக் கேட்க எழும்பினேன். அவர் அதற்கு விடவில்லை.

“நீங்க பொய் சொல்லியிருந்தா நான் சண்டை பிடிச்சிருப்பன் நானா. நீங்க ஒண்டும் பொய் சொல்லல்லயே.”

அவர் கத்தியிருக்கலாம். மெனேஜரின் மேசையைப் புரட்டியிருக்கலாம். என் முகத்தில் இந்தக் கேபிளை வீசியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் பாண் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்புக்கு நடந்தாரே, அதற்காக அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நியாயமில்லாத கோபம்தான், தெரியும். நியாயமாகக் கோபப்படுகிற தகுதி எனக்கு எங்கே இருக்கிறது?

அதன் பிறகு அவரைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம், கற்பிட்டியில் ஒரு போட்டோப் பிரதிக் கடையில் விண்ணப்பப் படிவம் தட்டச்சுச் செய்கிறார் என்பதுதான். சேவைச் சான்று இல்லாமல் சேர்வர் அறைக்குள் யார் விடுவார்கள்? போன கிழமை சிலாபத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ஒரு நிறுவனம் அவரைச் சேர்வர்களுக்குப் பொறுப்பாக எடுக்க நினைக்கிறது. முன்பு வேலை செய்த இடம் என்ற முறையில் எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டிருந்தார்கள். மெனேஜர் கடிதத்தை என்னிடம் தந்து, அந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நான் என்பதால் நானே பதில் எழுதிக் கையெழுத்து வைக்கலாம் என்றார். அவர் கை படாமல் காரியம் நடக்க வேண்டும். லீவில் போனது, அனுமதி இல்லாமல் பிரதி எடுத்தது, இரண்டு வரி போதும் என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, “உண்மைய மட்டும் எழுதுங்க” என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. மூன்று வருடத்துக்கு முன் நான் கண்டுபிடித்த வித்தையை எனக்கே கற்றுத் தருகிறார்! உண்மையை அரைவாசியில் வெட்டி, கூர்ப்பக்கத்தால் ஒரு பெண்ணைக் குத்துகிற வித்தை.  

முழுதையும் எழுதினேன். முதல் வரி, அன்றைக்குக் கேபிளைக் கழற்றாமல் விட்டவன் நான் என்பது. இரண்டாவது, கழற்ற வேண்டாம் என்று சொன்னவர் யார் என்பது. புதிய சேர்வர் கேட்டு அவர் எழுதிய கடிதங்களைப் பற்றி, களஞ்சியத்துப் பழைய கணினியைப் பற்றி, வளைந்துபோன மெழுகுதிரியைப் பற்றிக்கூட எழுதினேன். சிலாபத்துக்காரர்களுக்கு மெழுகுதிரி எதற்கு என்று அந்த வரியை வெட்டப் போய், வெட்டாமல் விட்டேன். விசாரணையில் நான் சொன்ன அந்த ஒரு வசனத்தையும் அப்படியே எழுதி, அது எவ்வளவு பெரிய பொய் என்பதையும் எழுதி, கையெழுத்து வைத்தேன். முந்தல் தபால் கந்தோரில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, பிரதியொன்றை மெனேஜரின் மேசையில் வைத்தேன். இதை எழுதும்வரை அவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்.

திரும்பி வந்தபோது திருத்துவதற்கு நான்கு பெட்டிகள் காத்திருந்தன. லாச்சியைத் திறந்து பச்சை முடிச்சுக் கேபிளை எடுத்தேன். பிளக்கின் நாக்கு உடைந்தது, ஒன்றிலும் பூட்ட முடியாது. புதிய சேர்வரின் கேபிளைக் கழற்றிவிட்டு, இதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு லப்டொப்பைத் திறந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து யாரோ சிரித்தார்கள். மூன்று வருடமாக இதைக் கழுத்தில் போடாமல் இருந்ததற்கு அந்தச் சிரிப்புத்தான் காரணம் என்றால் யாராவது நம்புவார்களா? கொஞ்ச நேரத்தில் மெனேஜரின் அறையிலிருந்து பியோன் வந்து, சுவர்த் திரை இருண்டு கிடக்கிறது, உடனே பூட்டட்டாம் என்றான்.

“வேலை முடியுமட்டும் பூட்ட ஏலாது எண்டு சொல்லுங்க” என்றேன்.

சொல்ல எவ்வளவு இலகுவாக இருந்தது.